தாருக்கு அடியில் ஆறு கோடுகள்

பிப்ரவரி 9
பாதைக் குடியிருப்பு, இரண்டாவது வீடு

அண்ணிக்கு,

பத்து மாதமாக ஒரு வரிகூட எழுதாதவள் திடீரென்று எழுதுகிறாளே, என்ன காரியமோ என்று நினைப்பீர்கள். காரியம்தான். நலம் விசாரிப்பதைக் கடைசியில் வைத்துக்கொள்கிறேன். மூன்று நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை. தலைக்குள் ஒரே ஓட்டம். இதைச் சொன்னால் புரிந்துகொள்ளக்கூடிய ஆள் எனக்குத் தெரிந்து நீங்கள் ஒருவர்தான், நீங்களோ என்னோடு பேசுவதில்லை. நான் என்ன செய்ய?

என் பொறுப்பில் இருக்கும் பாதையில் கடைசி இரண்டு கிலோமீட்டர் சரிவு என்பதும், சரிவு முடியும் இடத்தில் ஆற்றுப்பாலம் என்பதும் உங்களுக்குத் தெரியும். பாரவண்டிகள் பிரேக் பிடித்துக்கொண்டே இறங்கும்போது சக்கரம் தண்டவாளத்தையும் கூடவே தள்ளிக்கொண்டு போகிறது. ஒரு நாளைக்கு மயிரிழை அளவுதான். ஆனால் தினமும். மேட்டில் இரண்டு தண்டவாளத் துண்டுகளுக்கு நடுவே என் கட்டைவிரல் போகிற அளவுக்கு இடைவெளி விழுந்திருக்கிறது. அடியில், பாலத்துக்கு முன்னால், இடைவெளியே இல்லை. வெயில் காலத்தில் இரும்பு நீள இடமில்லாமல் பக்கவாட்டில் புடைத்துக்கொள்கிறது. போன வருஷம் இரண்டு தடவை புடைத்தது. கடவுள் புண்ணியத்தில் இரண்டு தடவையும் வண்டி வருவதற்கு முன்னால் பார்த்தோம்.

வேடிக்கை என்னவென்றால், பதிவேட்டைப் பார்த்தால் இந்தச் சரிவில் பத்து வருஷமாகத் தண்டவாளம் நகரவே இல்லை. எனக்கு முன்பு இருந்தவர் பார்க்காமலே எழுதித் தள்ளியிருப்பார் போலிருக்கிறது.

இப்போது மேலிடத்தில் இருந்து காகிதம் வந்திருக்கிறது. மே மாதத்துக்குள் இதற்கு ஒரு வழி சொல்லாவிட்டால் சரிவையே மூடிவிடுவார்களாம். என் கேங்கில் இருக்கும் பதினாறு பேரையும் பதினாறு திசைக்குத் தூக்கி அடிப்பார்கள். அண்ணன் ஓட்டுகிற வண்டி வேறு பாதையில் சுற்றிப் போகும். மூடாமல் இப்படியே விட்டாலோ, அதைப் பற்றி நினைக்கவே எனக்குப் பிடிக்கவில்லை.

என்னிடம் ஒரு வழி இருக்கிறது. படம் வரைந்து வைத்திருக்கிறேன். தண்டவாளத் துண்டுகளைச் சேர்த்துப் பிடிக்கிற பிஷ் பிளேட்டுக்கு ஒரு கால் வைக்க வேண்டும். அந்தக் கால் கீழே இறங்கி, அடுத்த சிலீப்பர் கட்டையின் விலாவில் முட்டிக்கொண்டு நிற்க வேண்டும். தண்டவாளம் இறங்கப் பார்த்தால் கட்டை விடாது. ஒரு பக்கத் துண்டை வட்டத் துளையில் இறுக்கிப் பிடிக்கலாம். மறுபக்கத் துண்டுக்கு நீளத் துளை. அப்போது வெயிலுக்கு நீளவும் இடம் இருக்கும், ஓடிப்போகவும் முடியாது. உங்கள் உலைக்கூடத்தில் ஆறு ஜோடி அடித்துத் தர முடியுமா?

இன்னொன்று. போன வருஷம் உடைந்த போல்ட்டுகளை மறுபடி எடுத்துப் பார்த்தேன். எல்லாமே ஒரே பக்கம் வளைந்து, அதற்குப் பிறகுதான் உடைந்திருக்கின்றன. தண்டவாளம் இழுத்துத்தான் உடைந்திருக்கிறது. இரும்பின் மேல் குற்றமில்லை. இதை எழுத எனக்கு மூன்று காகிதம் வீணாயிற்று.

கடிதத்தை அண்ணன் கையில் கொடுத்தனுப்புகிறேன். பிரிக்க மாட்டான். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்ப்பான், அதனால் உறைக்குள் பழைய அட்டை ஒன்றைச் செருகியிருக்கிறேன்.

எல்லோரும் சௌக்கியமா?

நாத்தனார்


பிப்ரவரி 15
தலைமைப் பட்டறை, உலைக்கூடம்

மேற்பார்வையாளர் அம்மாவுக்கு,

சௌக்கியம். கேட்டதற்கு நன்றி.

போன ஏப்ரல் மாதம் உன் வீட்டுக் கூடத்தில், குடும்பமே வட்டமாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, நீ என்னைப் பார்த்து, "எங்க அண்ணனைக் கொல்றதுக்குன்னே இப்படி போல்ட்டு அடிக்கிறீங்களா"ன்னு கேட்டாய். எனக்கு நினைவிருக்கிறது. உனக்கும் இருக்கும். பாதிச் சாப்பாட்டில் கை கழுவிவிட்டு வந்தவள் நான். இனி உன் வீட்டு வாசற்படி மிதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தேன். அந்த மனுஷன் ஓட்டுகிற பாதைக்கு இருபது வருஷமாக நான் இரும்பு அடிக்கிறேன். ஒவ்வொரு போல்ட்டையும் அவர் முகத்தை நினைத்துக்கொண்டுதான் உலையில் இருந்து எடுக்கிறேன். அதை உன்னிடம் சொல்லி நிரூபிக்க வேண்டிய நிலைமை எனக்கு வந்ததே என்றுதான் ஆறவில்லை.

"இரும்பின் மேல் குற்றமில்லை" என்று எழுதியிருக்கிறாய். இரும்பு மேல் நீ கோபப்படவில்லையே, என் மேல்தானே கோபப்பட்டாய்?

சரி, போகட்டும்.

உன் படத்தை மேசை இழுப்பறைக்குள் போட்டுப் பூட்டி வைத்தேன். நான்கு நாள் தொடவில்லை. ஐந்தாம் நாள் டீ குடிக்கிற நேரத்தில் சும்மா பார்ப்போமே என்று எடுத்தேன். பார்த்திருக்கக் கூடாது. டீ ஆறிப் பாலாடை கட்டிவிட்டது. ஒரு பக்கம் வட்டத் துளை, மறுபக்கம் நீளத் துளை. இது எனக்குத் தோன்றாமல் போயிற்றே என்று வயிறு எரிந்தது, உண்மையைச் சொல்கிறேன்.

ஆனால் உன் கால் ஒரே ஒரு கட்டையை நம்பி நிற்கிறது. அத்தனை பாரத்தை ஒற்றைக் கட்டை தாங்குமா? ஜல்லிக்குள் அது தானும் சேர்ந்து நகர்ந்துவிடும். அந்தக் கட்டையையும் அதற்கு அடுத்த இரண்டையும் ஒரு பட்டை இரும்பால் சேர்த்துப் பிணைத்துவிட்டால் மூன்றும் ஒன்றாக நிற்கும். உன் மாதிரி ஆறு ஜோடி அடிக்கிறேன். உன் காலோடு என் பட்டையும் சேர்த்து இன்னும் ஆறு ஜோடி அடிக்கிறேன். இரண்டையும் பூட்டிப் பார். பட்டை பூட்டாமல் திருப்பி அனுப்பினால் மறுபடி என்னிடம் எதுவும் கேட்காதே.

உன் அண்ணன் கடிதத்தைக் கொடுத்துவிட்டு என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். "ஆபீஸ் விஷயம்" என்றேன். "ஆபீஸ் விஷயத்துக்கு ஏன் சிரிக்கிறே"ன்னு கேட்டார். நான் சிரிக்கவில்லை.

அண்ணி


மார்ச் 2

அண்ணி,

பூட்டியாயிற்று. பன்னிரண்டும். கை முழுக்கக் கொப்புளம், ஆனாலும் பேனா பிடிக்கிறேன்.

உங்கள் பெட்டியைத் திறந்தபோது கேங்கே சுற்றி வந்து எட்டிப் பார்த்தது. அத்தனை சுத்தமான வேலை. காலின் விளிம்பில் ஒரு பிசிறு இல்லை. கேங் தலைவர் ஒன்றை எடுத்து, முகம் பார்க்கிற மாதிரி திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இதை ஜல்லிக்குள்ள புதைக்கவே மனசு வரலைம்மா" என்றார்.

என் மாதிரி ஆறையும் சரிவின் நடுவே பூட்டினோம். ஒரே காலை வேலை. உங்கள் மாதிரி ஆறையும் அதற்கு மேலே, கொஞ்சம் தள்ளிப் பூட்டினோம். அதற்கு இரண்டு நாள். கோபிக்க வேண்டாம், ஆனால் சொல்லித்தான் ஆக வேண்டும். பட்டை வைக்க மூன்று கட்டையையும் சுற்றி ஜல்லியை வார வேண்டியிருக்கிறது. ஆட்களுக்கு இடுப்பு ஒடிந்துவிட்டது. ஒற்றைக் காலே தாங்கினால் பட்டை எதற்கு என்று எனக்குள் ஒரு குரல் கேட்டுக்கொண்டே இருக்கிறது.

அளவு எடுக்கிற விதம்: மற்ற இடங்களில் இருக்கும் பழைய கம்பங்களைப் போலவே, இந்தப் பன்னிரண்டு இணைப்புக்கும் பக்கத்தில் அசையாத அளவுக்கம்பங்கள் புதிதாக நட்டிருக்கிறோம். கம்பத்துக்கு நேரே தண்டவாளத்தில் ஒரு வெள்ளைக் கோடு நேற்று போட்டோம். ஞாயிற்றுக்கிழமை தோறும் காலை ஏழு மணிக்கு நானே வந்து பார்ப்பேன். மற்ற ஆறு நாளும் எனக்குப் பாலத்துப் பக்கம் வேலை. தண்டவாளம் நகர்ந்தால் கோடு கம்பத்தை விட்டு விலகும். விலகுவதை மில்லிமீட்டரில் எழுதிக்கொள்வேன்.

எனக்குக் கை கால் ஓடவில்லை, அண்ணி. பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கிற மாதிரி இருக்கிறது.

நாத்தனார்


மார்ச் 10

இடுப்பு ஒடிந்தால் எண்ணெய் தேய்க்கச் சொல். பட்டையைக் கழற்றினாய் என்று தெரிந்தால் நான் கழற்றுவது வேறாக இருக்கும்.

என்ன ஆயிற்று என்று எழுது. முதல் ஞாயிறு போய்விட்டதே. உன் அண்ணனிடம் கேட்டால், "அவ மூஞ்சி பிரகாசமா இருக்கு, அவ்வளவுதான் தெரியும்"ங்கிறார். இது ஒரு தகவலா?

அண்ணி


ஏப்ரல் 12, ஞாயிறு

அண்ணி, அண்ணி,

பூஜ்யம்.

ஆறு ஞாயிறு பார்த்துவிட்டேன். இன்று காலை கடைசி அளவு. பன்னிரண்டு இணைப்பிலும் ஒரு மில்லிமீட்டர்கூட விலகல் இல்லை. கோடு கம்பத்துக்கு நேராக, நூல் பிடித்த மாதிரி நிற்கிறது. கேங் ஆட்கள் கடப்பாரையை ஜல்லியில் தட்டித் தாளம் போட்டார்கள். தார்ச்சட்டி என்று ஒருவர் இருக்கிறார், தண்டவாளம் துருப்பிடிக்காமல் இருக்கத் தாரும், அடையாளத்துக்கு வெள்ளையும் பூசுகிற ஆள். வாயே திறக்க மாட்டார். அவர்கூட இன்று சிரித்தார்.

வாராவாரம் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பிக்கொண்டிருந்தேன். ஐந்தாம் வார அளவுக்குப் பிறகு, போன புதன்கிழமை, ஒப்புதலே வந்துவிட்டது. சரிவை மூட மாட்டார்கள். மே ஆறாம் தேதி தலைமை என்ஜினியர் நேரில் வருகிறார். அன்று பகல் இரண்டு மணிக்கு, நல்ல வெயிலில், முழு வேகத்தில் ஒரு வண்டியை இறக்கிப் பார்ப்பார்கள். ஓட்டப்போவது யார் தெரியுமா? அண்ணன்தான். ஒற்றைக் காலில் நின்று கேட்டு வாங்கியிருக்கிறான்.

இதை எழுதும்போது கொஞ்சம் தயக்கமாக இருக்கிறது, இருந்தாலும் நான் எழுதாவிட்டால் உங்களுக்குப் பட்டறை மூலமாகவே தெரிந்துவிடும். ஒற்றைக் காலும் பூஜ்யம், பட்டை போட்டதும் பூஜ்யம். அப்படியானால் பட்டை தேவையில்லை என்று எழுதினேன். என் மாதிரியில் எண்ணூறு ஜோடி அடிக்க உங்கள் பட்டறைக்கே உத்தரவு போகிறது. உங்கள் பட்டை வீண் என்று நான் சொல்லவில்லை. தேவைப்படவில்லை, அவ்வளவுதான். மனதில் வைத்துக்கொள்ள மாட்டீர்களே?

நாத்தனார்


ஏப்ரல் 14

நாத்தனாருக்கு,

உத்தரவு வந்தது. எண்ணூறு ஜோடி. அறுபது ஜோடி அடித்தாயிற்று. அதற்குள் உன் கடிதமும் வந்தது. படித்தேன். எழுந்து போய் உலையை அணைக்கச் சொல்லிவிட்டேன். ஊதுகாற்று எந்திரத்தில் கோளாறு என்று மேலாளரிடம் சொல்லியிருக்கிறேன். இருபது வருஷத்தில் நான் வேலையில் சொன்ன முதல் பொய் இதுதான்.

ஏன் என்று சொல்கிறேன், கோபப்படாமல் படி.

நான் சூட்டோடு பழகுகிறவள். இரும்பு சும்மா கிடக்கிற வஸ்து இல்லை. குளிருக்குச் சுருங்கும், வெயிலுக்கு நீளும். மார்ச் முதல் தேதி நீ கோடு போட்டபோது விடியற்காலையில் எனக்கு இங்கே போர்வை வேண்டியிருந்தது. இப்போது காலை ஏழு மணிக்கே வேர்க்கிறது. இவ்வளவு வித்தியாசத்துக்கு உன் தண்டவாளம் ஒரு மில்லியாவது அசைந்திருக்க வேண்டும். பட்டை போட்டதும் அசைந்திருக்க வேண்டும், ஒற்றைக் காலும் அசைந்திருக்க வேண்டும். ஒன்று என்று சொல், இரண்டு என்று சொல், சந்தோஷப்படுகிறேன். பன்னிரண்டு இடத்தில், ஆறு வாரமாக, பூஜ்யமா? என் காதில் பூ சுற்றாதே. அந்தக் கோடு பொய் சொல்கிறது. எப்படி என்று எனக்குத் தெரியவில்லை. நீதான் அங்கே இருக்கிறாய்.

உலை இன்னும் நான்கு நாள் அணைந்திருக்கும். அதற்கு மேல் என்னால் சமாளிக்க முடியாது. போய்ப் பார்.

அண்ணி


ஏப்ரல் 16

அண்ணிக்கு,

உங்கள் பட்டையை வேண்டாம் என்று எழுதிய ஒரே காரணத்துக்காக என் அளவையே பொய் என்கிறீர்கள். நன்றாக இருக்கிறது. ஆறு வாரம் மண்டி போட்டுப் பார்த்தது நான். பதினாறு பேர் பிழைப்பும் இதில் இருக்கிறது. உலையை அணைக்க உங்களுக்கு எப்படி மனம் வந்தது?

நாளை மறுநாள் சனிக்கிழமை. பாலத்து வேலையை விட்டுவிட்டுப் பகல் இரண்டு மணிக்கு நான் போய்ப் பார்க்கிறேன். நல்ல வெயிலில். ஒரு மில்லியோ இரண்டு மில்லியோ நீண்டிருந்தால் அதையும் எழுதுகிறேன். பிறகாவது உலையை மூட்டுங்கள்.

நாத்தனார்


ஏப்ரல் 18, சனி

அண்ணி,

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியவில்லை. நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

இரண்டு மணிக்குப் போனேன். சரிவின் நடுவில் தார்ச்சட்டி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் தார், ஒரு பக்கம் வெள்ளை. முதலில் என் கண் கோட்டின் மேல்தான் போனது. கோடு கம்பத்துக்கு நேராக இல்லை. ஐந்து மில்லி கீழே இறங்கியிருந்தது. நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவர் அந்தக் கோட்டின் மேல் தார் பூசப் போனார். கத்திவிட்டேன். பயந்து பிரஷ்ஷைக் கீழே போட்டுவிட்டார்.

"என்ன பண்றீங்க?"

"கோடு போடுறேம்மா. சனிக்கிழமைதோறும் போடுறதுதானே."

"எதுக்குப் போடுறீங்க?"

"கோணலாப் போயிடுதும்மா. கம்பத்துக்கு நேரா இருக்கணும்ல. பழைய ஐயா, கோடு தள்ளியிருந்தா மெமோ குடுப்பாரு. ரெண்டு தடவை வாங்கியிருக்கேன். நீங்க ஞாயித்துக்கிழமை வந்து பாக்குறீங்க. அதான் முந்தின நாளே பழசை அழிச்சுட்டுச் சுத்தமாப் போட்டு வச்சிருவேன்."

பத்து வருஷப் பதிவேட்டில் பூஜ்யம் எப்படி வந்தது என்று அந்த நொடியில் புரிந்தது. முன்பு இருந்தவர் பார்க்காமல் எழுதவில்லை, அண்ணி. பார்த்துத்தான் எழுதியிருக்கிறார். இந்த மனுஷர் ஒரு வாரம் தவறாமல், முதுகு வெயிலில் வெந்து, தண்டவாளம் நகர்ந்ததையெல்லாம் ஒழுங்காக அழித்துக்கொண்டு வந்திருக்கிறார். அவரிடம் யாரும் அந்தக் கோடு எதற்கு என்று சொன்னதே இல்லை. நானும் சொல்லவில்லை. மார்ச் முதல் தேதி, "கோடு போடுங்க" என்றேன், அவ்வளவுதான்.

ஜல்லியின் மேலேயே உட்கார்ந்துவிட்டேன். ஆறு வாரம் போயிற்று, அறிக்கை போயிற்று, ஒப்புதல் வந்தாயிற்று, வெயில் வந்தாயிற்று, அண்ணன் முழு வேகத்தில் வரப்போகிறான். அழுகை வந்துவிட்டது. அவர் பக்கத்தில் நின்று, "நான் அழிச்சதெல்லாம் தப்பாம்மா"ன்னு கேட்டார். அவர் கேட்ட பிறகுதான் எனக்கு மண்டையில் உறைத்தது. அவர் சுரண்டி அழிக்கவில்லை. தார் பூசித்தான் மறைத்திருக்கிறார்.

மண்ணெண்ணெய் கொண்டுவரச் சொன்னேன். துணியில் நனைத்துத் தேய்த்தேன். தார் கரைந்தது, காய்ந்த வெள்ளை கரையவில்லை. ஒரு கோடு வந்தது. அதற்குக் கொஞ்சம் கீழே இன்னொன்று. அடுத்து இன்னொன்று. ஆறு கோடுகள், அண்ணி. ஏணிப்படி மாதிரி. ஒவ்வொரு வாரமும் தண்டவாளம் எவ்வளவு நகர்ந்தது என்பது அங்கேயே எழுதி வைத்திருக்கிறது. ஐந்து, நாலு, ஐந்து, ஐந்து, ஐந்து, ஐந்து. இந்த வார ஐந்தையும் சேர்த்து, மார்ச் முதல் தேதிக் கோடு இன்று கம்பத்தை விட்டு முப்பத்து நான்கு மில்லி கீழே நிற்கிறது.

இது என் மாதிரியில். ஜல்லியை வாரிப் பார்த்தேன். என் கால் முட்டிய கட்டை தானும் சேர்ந்து நகர்ந்திருக்கிறது. அதன் முதுகுக்குப் பின்னால் என் இரண்டு விரல் போகிற பள்ளம். நீங்கள் பிப்ரவரி மாதமே எழுதியது வரிக்கு வரி.

பிறகு உங்கள் மாதிரி இருக்கிற இடத்துக்கு ஓடினேன். இந்த வயதில் சிலீப்பர் மேல் அப்படி ஓடினது நானாகத்தான் இருப்பேன். தார்ச்சட்டி மண்ணெண்ணெய்ப் புட்டியோடு பின்னாலேயே ஓடி வந்தார். தேய்த்தோம். ஏணி இல்லை. ஆறு கோடும் ஒன்றின் மேல் ஒன்று ஏறி, ஒரே தடித்த கோடாக நிற்கிறது. எல்லாம் சேர்த்து மூன்று மில்லி. ஆறு இணைப்பிலும் அப்படியே.

நிற்கிறது, அண்ணி. உங்கள் பட்டை நிற்கிறது. நான் சிரித்தேனா அழுதேனா தெரியவில்லை. தார்ச்சட்டி என்னைப் பார்த்துத் தானும் சிரித்தார், எதற்கு என்று தெரியாமலே.

மேலிடத்துக்குத் தந்தி கொடுத்துவிட்டேன். என் மாதிரி தோற்றுவிட்டது, முன்பு அனுப்பிய அளவுகள் தவறு, முழு விவரம் பின்னால் என்று. தபால் அலுவலகத்துப் பெண் இரண்டு தடவை படித்துக் காட்டி, "இப்படியே அனுப்பட்டுமா"ன்னு கேட்டாள். அனுப்பச் சொன்னேன்.

போன வருஷம் உங்களை என்ன கேட்டேன் என்பது எனக்கு நினைவிருக்கிறது. அண்ணன் உயிரோடு விளையாடினது நீங்கள் இல்லை. இந்த ஏப்ரல் மாதம் நான்தான் விளையாடினேன். நீங்கள் உலையை அணைத்தீர்கள், நான் பொறாமை என்று நினைத்தேன். எழுதாமல் விட்டேனே தவிர நினைத்தது அதுதான். மன்னித்துவிடுங்கள். இதை எழுத ஒரு காகிதம்கூட வீணாகவில்லை.

நாத்தனார்


ஏப்ரல் 20

அடியே,

உன் கடிதத்தை உலைக்கூடத்தில் நின்றபடியே படித்தேன். முடிந்ததும் மேசையில் ஓங்கி ஒரு தட்டு தட்டினேன், நாலு பேர் ஓடி வந்தார்கள். மூன்று மில்லியா? ஆறு இணைப்பிலுமா? அந்தத் தடித்த கோட்டை யாரும் துடைத்துவிடாதபடி ஆள் போடு.

நீ அழுததும் மன்னிப்பும் எல்லாம் அப்புறம். மேலிடம் சோதனையைத் தள்ளி வைக்கவில்லை, பட்டையோடு காட்டச் சொல்கிறது; மே ஆறுக்குப் பதினாறு நாள் இருக்கிறது. அடித்து வைத்த அறுபது ஜோடிக் கால் வீணில்லை. பட்டை சேர்த்தால் அதுவே என் மாதிரிதான். பாலத்துக்கு முன்னால் கடைசி நாற்பது இணைப்புக்கு முதலில் பட்டை அடிக்கிறேன். மேலாளரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன், ஊதுகாற்று எந்திரம் நன்றாகத்தான் இருந்தது என்று. எள்ளும் கொள்ளும் வெடிக்கிற முகத்தோடு கேட்டார். உன் கடிதத்தில் தார்ச்சட்டி பேசின பகுதியை மட்டும் படித்துக் காட்டினேன். அப்புறம், "நம்ம பட்டறையிலயும் இந்த மாதிரி எத்தனை கோடு இருக்கோ"ன்னு சொல்லிவிட்டு, இரண்டு ஷிப்ட் ஆள் கொடுத்தார்.

நான்கு சம்மட்டி ஒரே நேரத்தில் விழுகிறது. காது அடைத்துப் போயிற்று. எனக்கு இருபது வயது குறைந்த மாதிரி இருக்கிறது.

தார்ச்சட்டியைத் திட்டாதே. அவர் வேலையை அவர் ஒழுங்காகச் செய்தார்.

அண்ணி


மே 7

அண்ணி,

நேற்று நடந்ததை அண்ணன் வந்து தன் பாணியில் அளந்திருப்பான். அவனுக்குக் கண்ணாடி வழியாகப் பாதை மட்டும்தான் தெரியும். நான் கீழே இருந்தேன். நான் சொல்கிறேன்.

தலைமை என்ஜினியர் காலையிலேயே வந்துவிட்டார். கட்டையாக, கறாராக, குடை பிடித்துக்கொண்டு. இரண்டு வாரத்துக்கு முன்பே ஒரு தடவை சொல்லாமல் வந்து, பெயின்டே வேண்டாம் என்று, தன் கையாலேயே உளி வைத்து, உங்கள் பட்டை முதலில் பூட்டிய இடத்தில் தண்டவாளத்தில் கோடு கீறிவிட்டுப் போனவர். நேற்று முதலில் அந்தக் கோட்டைப் பார்க்கவில்லை. "அந்த ஏணியைக் காட்டுங்க" என்றார். காட்டினேன். மண்டி போட்டு ரொம்ப நேரம் பார்த்தார். தார்ச்சட்டி தூரத்தில் மரத்துக்குப் பின்னால் ஒதுங்கி நின்றிருந்தார், இன்றோடு வேலை போயிற்று என்று. அவரைக் கூப்பிடச் சொன்னார். "சொல்லிக் குடுக்காதது என் தப்பு சார், இவர் தப்பு இல்லை"ன்னு நான் முந்திக்கொண்டேன். அவர் என்னைக் கவனிக்கவே இல்லை. தார்ச்சட்டியைப் பார்த்து, "பத்து வருஷத்துல இந்தச் சரிவுல உண்மையைக் குறிச்சு வச்சது நீங்க ஒருத்தர்தான். இனிமே தார் பூசாதீங்க. கோடு மட்டும் போடுங்க, பக்கத்துல தேதி எழுதுங்க" என்றார். தார்ச்சட்டிக்கு எழுதத் தெரியும் என்பதே எனக்கு நேற்றுத்தான் தெரியும்.

இரண்டு மணி. தண்டவாளத்தில் கை வைக்க முடியவில்லை, அப்படிச் சுட்டது. நாற்பது இணைப்பும் பாலத்துக்கு முன்னால் வரிசையாக நின்றன. கடைசிப் பட்டையை முந்தாநாள் சாயங்காலம்தான் பூட்டினோம். கேங் ஆட்கள் பதினாறு பேரும் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றார்கள். ஒருத்தர் முகத்திலும் ஈயாடவில்லை. போன வருஷம் புடைத்த இடத்தில் நான் நின்றேன். அங்கிருந்து போகச் சொன்னார்கள். போகவில்லை.

முதலில் சத்தம் வந்தது. மேட்டில் அண்ணன் ஹாரன் அடித்தான், நீளமாக. அப்புறம் வண்டி தலை காட்டியது. அண்ணி, அவன் பிரேக்கைத் தொடவே இல்லை. காற்று என் மேல் அறைந்தது. கண்ணை மூடக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு தண்டவாளத்தையே பார்த்தேன். சக்கரம் ஒவ்வொரு இணைப்பாகத் தாண்டிப் போனது. தடக் தடக் தடக் என்று ஒரே சீராக. ஒரு இடத்திலும் இடறவில்லை. ஜல்லி ஒன்றுகூடத் துள்ளவில்லை. பாலத்தின் மேல் ஏறியதும் சத்தம் மாறியது. அப்போதுதான் நான் மூச்சு விட்டேன்.

மூன்று தடவை ஓட்டினார்கள். மூன்றாவது தடவை முழுப் பாரம் ஏற்றி, சரிவின் நடுவில் பிரேக் போட்டு இறக்கச் சொன்னார் என்ஜினியர். இறங்கினது. அப்புறம் அவரே போய் உளிக்கோட்டை அளந்தார். இரண்டு வார ஓட்டமும் மூன்று தடவை இறங்கியதும் எல்லாம் சேர்த்து ஒன்றரை மில்லி. அளவுகோலை என்னிடம் நீட்டி, "நீங்களும் பாருங்க, அப்புறம் என்னைப் பூஜ்யம்னு எழுதச் சொல்லாதீங்க" என்றார். பதினாறு பேரும் சிரித்த சிரிப்பில் எனக்கு மானம் போயிற்று. போகட்டும், சந்தோஷமாகத்தான் போயிற்று.

சரிவு முழுக்கப் பட்டையோடு பூட்ட உத்தரவு. எண்ணூறு. கேங் கலையாது.

அறிக்கையில் வடிவமைத்தவர் என்று ஒரு கட்டம் இருக்கிறது. அதில் உங்கள் பெயரை மேலே எழுதி, கீழே என் பெயரை எழுதினேன். என்ஜினியர் பார்த்துவிட்டு, "இவங்க உங்களுக்கு யாரு"ன்னு கேட்டார். "எங்க அண்ணி" என்றேன். ஒரு வருஷமாக அந்த வார்த்தையை நான் யாரிடமும் வாய்விட்டுச் சொல்லவில்லை.

அறிக்கையில் உங்கள் கையெழுத்து வேண்டும். காகிதத்தை அண்ணனிடம் கொடுத்தனுப்பலாம். ஆனால் அனுப்பவில்லை. என் வீட்டு மேசையில் வைத்திருக்கிறேன். வாசற்படி மிதிக்க மாட்டேன் என்று சொன்னது எனக்குத் தெரியும். உங்களை வா என்று கூப்பிடுகிற யோக்கியதை எனக்கு இல்லை. காகிதம் மேசையில் இருக்கிறது என்று மட்டும் சொல்கிறேன்.

நாத்தனார்


மே 10

அடியே,

உன் கடிதத்தை உன் அண்ணன் எதிரிலேயே படித்தேன். அவர் ஓட்டின கதையை மூன்று நாளாகக் கேட்டுக் காது புளித்துப் போயிற்று, நீ எழுதினதில்தான் வண்டி ஓடிற்று. பாலத்தில் சத்தம் மாறினது என்று எழுதியிருக்கிறாயே, அந்த இடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டு முகம் கழுவிக்கொண்டு வந்தேன். அவர், "ஆபீஸ் விஷயமா"ன்னு கேட்டார்.

ஆனால் ஒரு விஷயம் எனக்கு உறுத்துகிறது. ஒன்றரை மில்லி என்கிறாய். கணக்குப் போட்டுப் பார்த்தேன். அந்த வெயிலுக்கு இரும்பு நீண்டது ஒரு மில்லி. அது நியாயம். மீதி அரை மில்லி எங்கிருந்து வந்தது? பட்டையின் துளை தளர்வா, உன் ஆட்கள் முடுக்கினது போதவில்லையா, கட்டை உள்ளே அமுங்குகிறதா? எண்ணூறு அடிப்பதற்கு முன்னால் இது எனக்குத் தெரிந்தாக வேண்டும். கடிதத்தில் நீ எழுதி நான் புரிந்துகொள்கிற விஷயம் இல்லை இது. நானே ஜல்லியை வாரிப் பார்க்க வேண்டும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை உன் அண்ணன் வண்டியில் வருகிறேன். கையெழுத்துக்காக வருகிறேன் என்று நினைத்துக்கொள்ளாதே. இந்த அரை மில்லியைக் கண்டுபிடிக்க எப்படியும் ஒரு வாரம் ஆகும், அதனால் எனக்கும் சேர்த்து உலை வை.

அண்ணி